மறு: கூகை கக்கும் உருண்டைக்கு என்ன சொல்?

வணக்கம். ஆற்காடு, கலவை, ஆரணிப் பக்கத்து நெல் விவசாயிகளுக்கும் பள்ளிகளுக்குமாகக் கூகை பற்றி ஒரு கையேடு தயாராகிறது. கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டிக் கக்குகிறதே, அந்தப் 'பெல்லட்'டுக்குச் சொல் வேண்டும். இங்கே பெல்லட் என்றால் மாட்டுத்தீவனம் என்றுதான் நினைப்பார்கள். இப்போதைக்கு 'எச்ச உருண்டை' என்று போட்டிருக்கிறோம். சரியா?

----

> 'எச்ச உருண்டை'

சரிவராது. எச்சம் பின்வழி வருவது. கோபுர மாடத்துக்குக் கீழே சுவரில் வெள்ளையாக வழிந்திருக்குமே, அது. உருண்டை வாய்வழி வருவது. கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமன், 3 முதல் 7 செ.மீ. நீளம், கருப்பு. புதிதாக இருந்தால் வார்னிஷ் பூசினாற்போல் மினுங்கும். இரண்டும் ஒரே இடத்தில் கிடப்பதால், பெயர் குழம்பினால் பிள்ளைகள் எதையாவது பொறுக்கி வருவார்கள்.

'மயிருருண்டை', 'எலும்புருண்டை' என்றும் வேண்டாம். பாலாற்றுக் கரையில் வளை தோண்டும் பஞ்சுருட்டான் பறவையும் கக்கும்; அதில் இருப்பது பூச்சிகளின் ஓடு. மீன்கொத்தி கக்குவதில் மீன்முள். பருந்தின் வயிற்று அமிலம் கடுமையானது, எலும்பு பெரும்பாலும் கரைந்துவிடும். கூகைக்கு அது மட்டு. எலியின் மண்டையோடு முழுசாகக் கிடைப்பது அதனால்தான்.

'வாந்தி' என்றால் நோய் என்று பொருளாகிவிடும். இதுவோ அன்றாடம் நடப்பது. அரைவைப்பையில் (இரையை அரைக்கும் தசைப்பையில்) சதை கரைந்தபின் மீதி இறுகி மேலேறி நிற்கும். அதைக் கக்கினால்தான் அடுத்த எலி இறங்கும். புறா குஞ்சுக்குக் கக்கி ஊட்டுவது தீனிப்பையிலிருந்து, அதாவது தின்றதைச் சேர்த்துவைக்கும் தொண்டைப் பையிலிருந்து. ஆந்தை இனத்துக்குத் தீனிப்பையே கிடையாது.

என் பரிந்துரை 'இரைச்சக்கை'. சத்துப் போய் மிஞ்சுவது சக்கை.

----

> 'இரைச்சக்கை'

சக்கை நல்ல சொல். ஆனால் 'சக்கை மலமாகப் போகும்' என்பதும் ஊர்ப்பேச்சுதான். திரும்ப எச்சத்திலேயே வந்து நிற்போம். வெளிவரும் வழியும் சொல்லில் இருக்கட்டும்: 'உமிழ்சக்கை'. வினைத்தொகை, ஒற்று மிகாது. உமிழ்நீர் நினைவுக்கு வருமே என்பீர்கள். வரட்டும், அதுவும் வாய் சம்பந்தப்பட்டதுதானே!

செய்முறையில் சேர்க்க வேண்டியவை: பகலில் டார்ச் அடித்துக் கூட்டைக் கிளறக் கூடாது, கூகை இடத்தைவிட்டே போய்விடும். கையுறை போட்டுப் பொறுக்கி, ஃபாயில் தாளில் சுற்றி 160 டிகிரி செல்சியஸில் மின் அடுப்பில் ('அவன்', oven) 40 நிமிடம் வைத்தால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி பயம் குறையும். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு இடுக்கியால் பிரிக்கலாம். கொதிநீர் கூடாது. எலிக்கு உளிபோன்ற முன்பல், அடுத்து வெற்றிடம், பிறகுதான் கடைவாய்ப்பல். மூஞ்சூறுக்கு இடைவெளியே இல்லாமல் கூர்ப்பல் வரிசை. எத்தனை எலி என்றால், இடது கீழ்த்தாடைகளையும் வலது கீழ்த்தாடைகளையும் தனித்தனியே எண்ணி, அதிகமான எண்ணை எடுங்கள். ஒரே உருண்டையில் இரண்டு மூன்று எலி இருப்பது சகஜம். இதை வைத்து ஓர் இரவு வேட்டையைக் கணக்கிடாதீர்கள். கூகை வேட்டைக்குப் போன இடத்திலும் கக்கிவிட்டு வரும், அது உங்கள் கைக்கு வராது.

எலி மருந்துப் பக்கத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். புரோமாடியோலோன் என்ற எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. இரத்தம் உறையாமல் சில நாள் தள்ளாடித் திரியும், கூகையிடம் எளிதாக மாட்டும். மருந்து எலியின் ஈரலில் தங்கியிருக்கும், அதைத் தின்னத் தின்னக் கூகைக்கும் உள்ளே கசிவு. பறவை தாங்கி (பறவை வந்து உட்கார நடும் குச்சி) நட்ட வயலில் அந்த மருந்தையும் வைப்பது, எலி பிடிக்க வந்ததையே கொல்கிற வேலை.

----

'உமிழ்சக்கை' என்றே மாற்றுகிறோம். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் 'கூகை வாய்வழிக் கக்கும் சக்கை' என்று விளக்கம் இருக்கும். பள்ளிகளில் அந்த மின் அடுப்பு இருக்காது. குக்கர் ஆவியில் வைத்தால் உருண்டை நனைந்து உதிர்ந்துவிடுமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.