பூக்காத உமே போன்சாய்: கவாத்து செய்தது தவறா, செய்த காலம் தவறா?

கேள்வி – சைத்தாமா வாசி

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பைன், மூங்கில், உமே (பிளம், பாதாமி வகையைச் சேர்ந்த ஜப்பானியப் பூமரம்) மூன்றையும் ஒரே தொட்டியில் நட்டுப் புத்தாண்டுக்கு விற்கிறார்களே, அந்த ஷோச்சிக்குபாய் தொட்டி ஒன்றை வாங்கினேன். அந்தக் குளிர்காலத்தில் உமே நன்றாகப் பூத்தது. பிறகு அதை மட்டும் பிரித்துத் தனித்தொட்டியில் நட்டு, மாடத்தில் வைத்து, கோடை முழுவதும் உரமிட்டு வளர்த்தேன். முழ நீளத்துக்குக் குச்சிகள் வளர்ந்து அலங்கோலமாக இருந்ததால், செப்டம்பர் இறுதியில் எல்லாவற்றையும் இரண்டு கணு விட்டு வெட்டினேன். இந்த பிப்ரவரியில் பூத்தவை மூன்றே பூக்கள். சென்ற வசந்தத்தில் அடிவரை வெட்டிய பழைய கிளை ஒன்று துளிர்க்காமல் காய்ந்தும் போயிற்று. நண்பர் ஒருவர் தம் தோட்டத்து மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி தருவதாகச் சொல்கிறார்; வாங்கி ஒட்டுக் கட்டலாமா?

மறுமொழி – பழைய தொட்டிக்காரர்

சகுராவை (செர்ரிப் பூமரத்தை) வெட்டுபவனும் முட்டாள், உமேயை வெட்டாதவனும் முட்டாள் என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. அதை நம்பிக் கத்தரியை எடுப்பவர்கள் எப்போது வெட்டுவது என்பதைக் கேட்பதில்லை. உமே அந்த ஆண்டு வளர்ந்த குச்சியின் இலைக்கக்கத்தில், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டை உருவாக்கிக்கொள்கிறது; செப்டம்பரில் நீங்கள் வெட்டியபோது மொட்டுகளும் சேர்ந்தே போயின. பூ முடிந்த கையோடு, இலை விரியும் முன் வெட்டுவதே முறை.

காய்ந்த கிளைக்குக் காரணம் வேறு. உமேயில் உருண்டு பருத்திருப்பது பூமொட்டு, மெலிந்து கூர்மையாக இருப்பது இலைமொட்டு. சில கணுக்களில் பூமொட்டு மட்டுமே இருக்கும். அங்கே பூ உதிர்ந்தபின் துளிர்க்க ஒன்றும் மிஞ்சாது. மொட்டே இல்லாத பழைய மரப்பகுதி வரை வெட்டினால் கிளை பெரும்பாலும் பின்னோக்கிக் காய்ந்துவிடும். எனவே குச்சியை விரலால் தடவி, அடியில் இரண்டு மூன்று கூர்மொட்டுகளைக் கண்டுகொண்டு, கடைசி மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பெரிய வெட்டுக்காயத்துக்கு மறக்காமல் பசை பூசுங்கள்.

மறுமொழி – ஷிகா நண்பர்

மேலே சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். முழ நீளக் குச்சிகளை வெட்டாமலே விட்டிருந்தாலும் அவற்றில் பூ குறைவாகத்தான் இருந்திருக்கும். உமே பூப்பது பெரும்பாலும் குட்டைக் குச்சிகளில். ஆகவே வளர்ச்சி ஜூன் கடைசிக்குள் நிற்காமல் ஓடியதே மூலக் காரணம் என்பேன். பூ முடிந்தபின் புண்ணாக்கு உரம் வைத்து, மே மாதத்தோடு நிறுத்தி, செப்டம்பரில் மீண்டும் தொடங்குங்கள். இலை லேசாகச் சுருளும்வரை நீரைக் குறைத்து வளர்ச்சியை அடக்கும் பழக்கமும் இங்கே உண்டு. ஆனால் சிமெண்டு மாடத்தில் ஆழமில்லாத தொட்டி நண்பகலுக்குள் காய்ந்துவிடும் என்பதால், உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மண் மாற்றுவதும் இப்போதே, பூ முடிந்தவுடன். அக்கடாமா என்னும் குருணைச் செம்மண் ஏழு பங்கும், கிரியு என்னும் ஆற்றுமணல் போன்ற பருமணல் மூன்று பங்கும் எனக்குப் பொருந்தி வருகின்றன. கம்பி கட்டுவதாக இருந்தால் மே, ஜூனில் இளங்குச்சிக்குக் கட்டுங்கள். முற்றிய குச்சி வளையாது, ஒடியும். முடிந்தால் எங்கள் ஷிகாவின் நாகஹாமா நகரில் 1952 முதல் ஜனவரி தொடங்கி மார்ச் வரை நடக்கும் உமே போன்சாய்க் கண்காட்சியைப் பாருங்கள். பொந்து விழுந்த கிழட்டு அடிமரத்தில் ஒரே ஒரு மெல்லிய குச்சி பூத்து நிற்பதைப் பார்த்தால், மூன்று பூ என்று குறைப்பட மாட்டீர்கள்!

மறுமொழி – டோக்கியோ மேற்கு

ஒட்டுக்குச்சி பற்றி மட்டும் சொல்கிறேன்: வாங்க வேண்டாம். பிளம் பாக்ஸ் என்னும் வைரஸ் 2009இல் டோக்கியோவின் மேற்கிலுள்ள ஓமே நகரின் உமே மரங்களில் கண்டறியப்பட்டது. அந்நகரின் புகழ்பெற்ற யோஷினோ உமே தோப்பில் இருந்த மரங்கள் 2014இல் ஒன்றுவிடாமல் வெட்டப்பட்டன. மறுநடவு 2016இல்தான் தொடங்கியது. அந்த வைரஸ் பரவும் வழிகள் இரண்டு: அசுவினிப் பூச்சி, ஒட்டுக்குச்சி. காயை உண்பவருக்கு அதனால் தீங்கில்லை என்றாலும், மரத்துக்கு மருந்தில்லை. நாற்றங்காலில் நலமான கன்றாக வாங்குங்கள். ஏப்ரலில் துளிரின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து அசுவினியை உடனே ஒழியுங்கள்.

சைத்தாமா வாசி

மூவருக்கும் நன்றி. இன்று காலை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடப்பக்கக் கிளையில் கூர்மொட்டு இரண்டு, வலப்பக்கத்தில் மூன்று. உச்சிக் குச்சியில் உருண்டை மொட்டு உதிர்ந்த தழும்பு மட்டுமே இருக்கிறது, அது காய்ந்துவிடும் என்றே நினைக்கிறேன். ஞாயிறன்று மண் மாற்றிவிட்டு வெட்டுகிறேன். நண்பரிடம் குச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.