எங்கள் முகவரியின் பெயரில் யாரோ ஸ்பேம் அனுப்புகிறார்கள்: உதவி தேவை

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். சொந்த டொமைனில் மின்னஞ்சல் வைத்திருக்கிறோம். ஆடி மாதக் கடைசியிலிருந்து, நாங்கள் அனுப்பாத லாட்டரி, கடன் விளம்பரங்கள் எங்கள் முகவரியிலிருந்து போனவை போல ஊரெல்லாம் போகின்றன. சேராத அஞ்சல்கள் எங்கள் இன்பாக்ஸில் திரும்பி வந்து குவிகின்றன. இதைவிட வேதனை, பழைய வாடிக்கையாளர்களே எங்களை ஸ்பேம் என்று குறிப்பதுதான். பல வருடங்களாகச் சேர்த்த பெயர் இது.

கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வைத்துவிட்டேன். உள்நுழைவுப் பதிவில் அந்நியர் யாரும் இல்லை. அனுப்பியவை பெட்டியிலும் அந்த அஞ்சல்கள் இல்லை. ஆகவே கணக்கு திருடப்படவில்லை, அனுப்புநர் முகவரியைத்தான் போலியாகப் போடுகிறார்கள். டிஎன்எஸ்ஸில் (டொமைனின் பொதுப் பதிவுகளில்) எஸ்பிஎஃப் (எங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற சர்வர்களின் பட்டியல்), டிகிம் (அஞ்சலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) இரண்டும் உள்ளன. இவற்றில் தோற்கும் அஞ்சலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் டிமார்க் கொள்கை இப்போது 'நன்' நிலையில், அதாவது அறிக்கை மட்டும் வருகிறது, எதுவும் தடுக்கப்படுவதில்லை. போலி அஞ்சல்கள் இரண்டு சோதனையிலும் தோற்பதை அந்த அறிக்கைகளில் பார்க்கிறேன்.

அந்தக் கொள்கையை 'ரிஜெக்ட்' (தோற்பவற்றை ஏற்க வேண்டாம்) என்று மாற்றத் தயங்குவதற்குக் காரணம் பில் மென்பொருள். அது தன் சொந்த சர்வரிலிருந்து எங்கள் பெயரில் பில் அனுப்புகிறது. டிகிம் கையொப்பம் இடும் வசதி அதில் இல்லை. அந்த அஞ்சல்களும் டிமார்க்கில் தோற்கின்றன. தீபாவளி ஆர்டர் நேரத்தில் பில் போய்ச் சேராவிட்டால் பணம் நின்றுவிடும்.

பில்களை மட்டும் தனிக் கொள்கை கொண்ட ஒரு துணை டொமைனுக்கு மாற்றிவிட்டு, முதன்மை டொமைனுக்கு நேரடியாக 'ரிஜெக்ட்' வைக்கலாமா, அல்லது சிறிது காலம் 'குவாரன்டைன்' (தோற்பவற்றை ஸ்பேம் பெட்டியில் போடுவது) வைத்துப் பார்த்த பிறகுதான் மாற்ற வேண்டுமா?