மறு: இணைப்பின் மேல் எழுதும் சொல்லுக்குத் தமிழ் (விரிசொல்?)

அன்புள்ள குழுவினருக்கு,

தருமபுரியில் சனிக்கிழமை வகுப்பு. வெள்ளி காலை கையேட்டை ஜெராக்ஸ் கொடுக்க வேண்டும், அதனால் இன்றே ஒரு முடிவு தேவை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: வரலாற்று மாணவர்கள் நடுகற்களைப் பற்றி அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் செயலியில் குறிப்பு எழுதுகிறார்கள். அரூர்ப் பக்கம் கண்டெடுத்த கல் இப்போது தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று வையுங்கள். கல்லின் குறிப்பிலிருந்து ஊருக்கு ஒரு இணைப்பு, அருங்காட்சியகத்துக்கு ஒரு இணைப்பு. செயலி காட்டும் இணைப்பு வரைபடத்தில் இரண்டும் வெறும் கோடுதான். எது கிடைத்த இடம், எது காக்கும் இடம்? அதைச் சொல்ல இணைப்போடு எழுதுகிறோமே, அதற்குத்தான் பெயர் வேண்டும்.

> குறிச்சொல் போதாதா?

போதாது. குறிச்சொல் ஒரு குறிப்பின் மேல் ஒட்டுவது. இது இரண்டு குறிப்புக்கு நடுவே நிற்பது. 'இணைப்புப் பெயர்' என்றால், இணைப்பை வேறு சொல்லால் காட்டுகிறோமே, அதோடு குழம்பும்.

> உறவுருபு என்றால் தவறு. உருபு மட்டும் போதாது, பயனும் வேண்டும்.

'உறவுருபு' நான் முன்பு சொன்ன பெயர். அதைத் தவறு என்று கிருஷ்ணகிரி ஐயா சொல்வதை ஏற்கிறேன். வெறும் இணைப்பு, 'ஆல்', 'இல்' போன்ற உருபு மறைந்து நிற்கும் வேற்றுமைத்தொகை போன்றது, அதனால் விரிப்பது உருபு என்று நினைத்தேன். ஆனால் பொற்குடத்தில் 'ஆல்' மட்டும் விரித்தால் 'பொன்னால் குடம்' என்று அந்தரத்தில் நிற்கும். 'ஆகிய' என்ற பயன் வந்தால்தான் பொருள் முடியும். நடுகல்லிலும் அப்படியே: அரூரில், தருமபுரியில், இரண்டுக்கும் 'இல்' தான். வேறுபடுத்துவது 'கிடைத்த', 'உள்ள' என்ற பயன். நம் இணைப்பு உருபும் பயனும் உடன்தொக்க தொகை! ஆகவே அதை விரிக்கும் சொல் விரிசொல்.

> விரிசொல் என்றால் பிள்ளைகள் விரிசல் என்று எழுதுவார்கள். உறவுப்பெயர் எளிது.

எளிதுதான். ஆனால் உறவுப்பெயர் என்றதும் மாமன், சித்தப்பா, நாத்தனார் என்றுதான் தோன்றும். கல்லுக்கும் ஊருக்கும் நடுவே அதை எப்படி எழுதுவது? பத்தாம் வகுப்பில் தொகைநிலைத் தொடர் படித்த பிள்ளைகள். விரி என்றால் புரியும்.

சரி, ஐந்து பேர் உறவுப்பெயர் பக்கம், ஐயாவும் நானும் இந்தப் பக்கம். கையேட்டில் உறவுப்பெயர் என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் 'விரிசொல்' இருக்கும். அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.