புது எக்ஸ்70-ஆ, பழைய சிஆர்-வியா? செந்தூலிலிருந்து ஒரு குழப்பம்

செந்தூல்_அப்பா

வணக்கம். வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்புறம் மூட்டுவலியோடு அம்மா. இப்போது ஓட்டுவது 2012 பெரூடுவா மைவி, சின்ன கார். கோலாலம்பூருக்குள் அது போதும், குறையே சொல்லமாட்டேன். ஆனால் தீபாவளிக்கு சுங்கை பட்டாணிக்குப் போகும்போது அம்மாவை முன்னால் உட்காரவைத்தால் மனைவி பின்னால் குழந்தை இருக்கைக்கும் பெரியவனுக்கும் நடுவில் மடங்கிக் கிடக்கிறாள். ஈப்போ தாண்டுவதற்குள் காடிக்குள் ஒருவரும் ஒருவரோடும் பேசுவதில்லை.

கையில் ரொக்கமாக 25,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. மாதத்துக்கு 1,200 வரை கட்ட முடியும், அதற்குமேல் முடியாது. பார்த்து வைத்திருப்பது இரண்டு. ஒன்று புது புரோட்டான் எக்ஸ்70, கிட்டத்தட்ட ஒரு லட்சம். மற்றது 2019 அல்லது 2020 ஹோண்டா சிஆர்-வி, விளம்பரங்களில் 85,000 என்கிறார்கள். புது சிஆர்-வி 2023 டிசம்பரில் வந்தபோதே 159,900-இல்தான் தொடங்கியது, அதனால் அதைக் கனவில்கூட விட்டுவிட்டேன். எதை எடுக்கலாம்?

கணக்குப்புள்ள

புதுசு. யோசிக்கவே வேண்டாம். பதினொரு வருடம் வங்கியில் கார்க் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

பழைய கார் மலிவு என்று எல்லாரும் விலையை மட்டும் பார்க்கிறார்கள், வட்டியைப் பார்ப்பதில்லை. உதாரணத்துக்கு, புதுக் காருக்கு 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்தில் பத்து விழுக்காடு முன்பணம் போக 90,000 கடன், ஒன்பது வருடம். வட்டி 24,300, மாதம் 1,058 வெள்ளி. பழைய காருக்கு வங்கி எப்போதும் கூடுதலாகத்தான் கேட்கும், 4.5 என்று வையுங்கள். 85,000-க்கு அதே பத்து விழுக்காடு போக 76,500, காரின் வயதைப் பார்த்து ஏழு வருடம்தான் கொடுத்தார்கள் என்றால் வட்டி 24,097, மாதம் 1,197. மலிவான காருக்கு மாதத் தவணை அதிகம், வட்டியோ கிட்டத்தட்ட அதேதான். புதுசில் ஐந்து வருட வாரண்டி, முதல் ஆணி முதல் கடைசி ஆணி வரை உங்கள் கண் முன்னால் தேய்ந்தது. பழையதில் யாரோ எப்படியோ ஓட்டியது. எது புத்திசாலித்தனம்?

பட்டறைத்தம்பி_கிள்ளான்

அண்ணே, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் ஷோரூம் வாசலைத் தாண்டியதும் காடி இழக்கும் மதிப்பு அந்தக் கணக்கில் எங்கே? அந்த அடியை முதல் சொந்தக்காரர் வாங்கிக்கொள்ளட்டும், நாம் இரண்டாவது ஆளாக வருவோம். இதுதான் பழைய காடியின் மொத்த ரகசியம்.

அப்புறம் காடி விஷயம். எக்ஸ்70 எல்லாம் ஒன்றல்ல. 2018 டிசம்பரில் வந்தது சீனாவிலிருந்து அப்படியே இறக்கிய கீலி போயுவே, 1.8 டர்போ, சாதாரண ஆறு கியர் ஆட்டோமேட்டிக். 2020 பிப்ரவரியிலிருந்து தஞ்சோங் மாலிமில் பொருத்தியதில் ஏழு கியர் டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச். 2022-இல் மூன்று சிலிண்டர் 1.5 சேர்ந்தது. டிசிடி நெடுஞ்சாலையில் வெண்ணெய். ஆனால் ஜாலான் ஈப்போவில் மாலை ஆறரைக்கு அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்தபடியே கிடக்கும். பிரேக்கை விட்டுவிட்டு ஊரவிடும் பழக்கம் இருந்தால் அந்த கியர்பாக்ஸ் உங்களுக்கு வேண்டாம். சிஆர்-வியில் சிவிடி, அதாவது கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக். ஓட்ட சுவாரசியம் இருக்காது, ரப்பர் இழுத்த மாதிரி இரையும், ஆனால் எண்ணெயை நேரத்துக்கு மாற்றியிருந்தால் நெரிசலுக்கு அது தோது.

மஸ்டா சிஎக்ஸ்-5-ஐ ஏன் பார்க்கவில்லை? கூலிமில் பொருத்துவது, ஆறு கியர் சாதாரண ஆட்டோ. பின் இருக்கை கொஞ்சம் இறுக்கம், அது ஒன்றுதான். 2.5 லிட்டர் இன்ஜின் எடுத்தால் சாலை வரி எண்ணூறைத் தாண்டும், 2.0 எடுங்கள்.

கணக்குப்புள்ள

தம்பி, "நேரத்துக்கு மாற்றியிருந்தால்" என்றீர்களே, அந்த "இருந்தால்" எத்தனை ஆயிரம் வெள்ளி தெரியுமா?

என் மைத்துனர் 2022-இல் ஒரு பழைய எஸ்யூவி வாங்கினார். விற்ற இடத்தின் பெயர் வேண்டாம். பளபளவென்று இருந்தது, உள்ளே வாசனைத் திரவியம் வேறு. மூன்றாம் மாதம் பின் கண்ணாடி இறங்கவில்லை, நான்காம் மாதம் மீட்டரில் தீபாவளி விளக்கு. கம்பளத்தைப் பிரித்தால் கீழே காய்ந்த சேறு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீ மூடாவில் எத்தனை காடி கூரைவரை மூழ்கிக் கிடந்தது என்று எல்லாரும் பார்த்தோம். அவையெல்லாம் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? பழைய இரும்புக்கா?

பட்டறைத்தம்பி_கிள்ளான்

வருத்தமான கதைதான். ஆனால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். சீட் பெல்ட்டை முழுவதும், கடைசி நுனி தெரியும்வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற காடியில் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் பழுப்புக் கோடு தெரியும். எல்லாவற்றையும் கழுவுகிறவன் அதை மட்டும் மறந்துவிடுவான். ஸ்பேர் டயரைத் தூக்கிக் குழியில் துரு இருக்கிறதா பாருங்கள், இருக்கைக்கு அடியிலுள்ள ஆணிகளைப் பாருங்கள். ஆணி புதுசாக மின்னினாலும் சந்தேகப்படுங்கள், கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மைலேஜை நம்பாதீர்கள், ஸ்டியரிங்கையும் பிரேக் பெடல் ரப்பரையும் நம்புங்கள். 60,000 கிலோமீட்டர் என்று சொல்லும் காடியில் பெடல் வழவழவென்று தேய்ந்திருந்தால் யாரோ நம்மை முட்டாளாக்குகிறார்கள். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

இன்னொன்று. வாகனப் பரிசோதனை நடத்தும் புஸ்பாகோமில் பாஸ் என்று காகிதத்தைக் காட்டினால் மயங்க வேண்டாம். பெயர் மாற்ற பி5 பரிசோதனை, வங்கிக் கடனுக்கு பி7. சேஸி எண்ணும் இன்ஜின் எண்ணும் அசல்தானா என்பதுதான் அங்கே பெரிய விஷயம், கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை வருடம் வரும் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். அதற்கு உங்களுக்குத் தெரிந்த ஃபோர்மேன், அதாவது மெக்கானிக், வேண்டும். ஃபோர்மேனைக் கூட்டிவருகிறேன் என்றதும் விற்பவர் முகம் மாறினால், நன்றி சொல்லிவிட்டு மாமாக் கடைக்குப் போய் தே தாரிக் குடியுங்கள்.

ஆயர்ஈத்தாம்_அக்கா

இரண்டு பேரும் சண்டை போடுவதில் கேட்டவருடைய நிலைமையை மறந்துவிட்டீர்கள்.

கணக்குப்புள்ள அவர்களே, வங்கியில் இருந்த நீங்கள் ஒன்பது வருடக் கடனைக் கூசாமல் பரிந்துரைக்கிறீர்களே! நானும் கணக்கு எழுதிப் பிழைப்பவள்தான். நீங்கள் சொன்ன 3 விழுக்காடு முழு அசலுக்கும் கடைசி மாதம்வரை போடுவது, அசல் குறையக் குறைய வட்டி குறைவதில்லை. வீட்டுக்கடன் மாதிரி கணக்கிட்டால் அது 5.5 விழுக்காட்டுக்குச் சமம். நான்கு வருடம் ஒழுங்காகக் கட்டி, 50,800 வெள்ளி கொடுத்த பிறகு, அசலில் இன்னும் ஏறக்குறைய 56,000 பாக்கி நிற்கும். அப்போது அவருக்கு வேலை போகிறது, அல்லது காடியை விற்க வேண்டி வருகிறது என்றால், அந்த விலைக்குப் போனால் தப்பித்தார், போகாவிட்டால் இல்லாத காடிக்குக் கையிலிருந்து கட்ட வேண்டும். "மாதம் 1,058தான்" என்று சொல்வதில்தான் எல்லாக் குடும்பமும் விழுகிறது.

செந்தூல் தம்பி, புதுசோ பழசோ, ஐந்து வருடத்தில் முடியும் கடனுக்குள் எது வருகிறதோ அதை மட்டும் பாருங்கள். அப்படிப் பார்த்தால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

அப்புறம் அம்மாவின் மூட்டு. இதை ஒருவரும் பேசவில்லை! எஸ்யூவி என்றால் வயதானவர்களுக்கு வசதி என்று விளம்பரத்தில் சொல்வது பாதிதான் உண்மை. இருக்கை இடுப்பு உயரத்தில் இருந்தால் சாய்ந்தபடி உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்துவிடலாம். அதற்குமேல் இருந்தால் ஏறவேண்டும், ஏறுவதுதான் அவர்களால் முடியாதது. என் மாமியாருக்கு பெரூடுவா ஆரூஸ் எடுத்தோம், ஏழு இருக்கை, விலையும் தோது, ஆனால் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும்போது ஒரு சின்ன பிளாஸ்டிக் முக்காலியையும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறோம். காடி நல்ல காடிதான், முக்காலியும் நல்ல முக்காலிதான். அம்மாவை அழைத்துப்போய் உட்காரவைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மின்சாரக்கண்ணன்

இந்தக் காலத்தில் இன்னும் பெட்ரோலா? புரோட்டான் இ.மாஸ் 7 பாருங்கள். எண்ணெய் மாற்ற வேண்டாம், கியர்பாக்ஸ் தலைவலி இல்லை.

செந்தூல்_அப்பா

கண்ணன், நாங்கள் இருப்பது பதினான்காவது மாடி. கீழே நிறுத்துமிடத்தில் ஒரு விளக்கு எரியாததற்கே நிர்வாகத்திடம் எட்டு மாதமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சார்ஜர் என்று கேட்டால் சிரிப்பார்கள். சொந்த வீடு வந்ததும் பார்க்கிறேன். பெட்ரோலுக்கு மாதம் 300 லிட்டர், 1.99 வெள்ளி விலையில் 2025-இல் அறிவித்தார்களே, அதில் பாதிகூட என் மைவி குடிப்பதில்லை.

அக்கா, அந்த 56,000 கணக்கு நேற்று ராத்திரி தூங்கவிடவில்லை. சனிக்கிழமை அம்மாவோடு கிளம்புகிறேன்.

கணக்குப்புள்ள

அக்கா சொன்னது தவறில்லை. ஆனால் ஐந்து வருடத்தில் கட்டுகிறவருக்கும் என் வாதம் பொருந்தும். 30 விழுக்காடு முன்பணம் போட்டால் புதுசுக்கு 70,000 கடன், வட்டி 10,500, மாதம் 1,341. பழைய சிஆர்-விக்கு 59,500 கடன், வட்டி 13,387, மாதம் 1,214. வித்தியாசம் 127 வெள்ளி. இதற்காகவா வாரண்டியை விட்டுக்கொடுப்பது?

பட்டறைத்தம்பி_கிள்ளான்

அவர் கையில் இருப்பது 25,000. 30 விழுக்காட்டுக்கு எங்கே போவார்? மாதம் 1,341 கட்ட முடியாது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டார் அண்ணே. வாரண்டி, வாரண்டி என்று சொல்கிறீர்கள், பிரேக் பேடும் டயரும் பேட்டரியும் அதில் வராது. பட்டறையில் என்னிடம் வருகிற செலவில் பாதி இவைதான்.

செந்தூல்_அப்பா

போய்வந்தோம். நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதலில் கெப்போங்கில் ஒரு சிஆர்-வி. அம்மா ஏறி உட்கார்ந்து "நல்லாயிருக்குடா" என்றார். ஃபோர்மேன் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "இன்னும் இரண்டு பேர் டெபாசிட்டோடு நிற்கிறார்கள் பாஸ்" என்றார் விற்பவர். தம்பி சொன்னபடியே தே தாரிக் குடிக்கப் போய்விட்டோம். அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் மனைவி கேட்டாள், பழைய காடி, எக்ஸ்70 இரண்டும் நம் பட்டியலில் இருக்கிறதே, பழைய எக்ஸ்70-ஐ ஏன் யாருமே சொல்லவில்லை என்று. எனக்குப் பதில் இல்லை.

ராவாங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் 2019 எக்ஸ்70 இருக்கிறது. தம்பி சொன்ன ஆறு கியர் ஆட்டோ, ஒரே கை, 78,000 கிலோமீட்டர், சர்வீஸ் புத்தகத்தில் எல்லாப் பக்கமும் முத்திரை. கேட்பது 62,000. ஃபோர்மேனைக் கூட்டி வரலாமா என்றதும் "தாராளமா வாங்க, காலையிலேயே வாங்க" என்றார். 22,000 போட்டால் 40,000 கடன், 4.5 என்றே வைத்தாலும் ஐந்து வருடத்துக்கு மாதம் 816. சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன், அவர் சிரித்தார். அம்மாவுக்கு இடுப்பு உயரம் சரியாக இருக்கிறது. மனைவி பின்னால் காலை நீட்டி உட்கார்ந்தாள், அதுவே எனக்குப் பாதி முடிவு.

பட்டறைத்தம்பி_கிள்ளான்

வியாழக்கிழமை வருகிறேன். அதுவரை டெபாசிட் கொடுக்காதீர்கள். அந்த 1.8 டர்போவில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதால் வால்வைக் கழுவாது, கரி பிடித்திருக்கலாம். பார்த்துவிட்டு விலையில் பேசுவோம். ஊருக்குள் பெட்ரோலும் கொஞ்சம் குடிக்கும், முன்பே சொல்லிவிட்டேன்.

கணக்குப்புள்ள

ஐந்து வருட வாரண்டி முடிந்துபோன கார். எனக்கு இதில் சம்மதமில்லை, ஆனால் மாதம் 816-ஐப் பார்த்துவிட்டு சும்மா இருக்கிறேன். மிச்சமிருக்கும் 3,000-ஐத் தொடாமல் டயருக்கு வையுங்கள். காப்புறுதியில் வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், சாதாரண முழுக்காப்புறுதியில் அது வராது. மைவியில் 55 விழுக்காடு என்சிடி, அதாவது காப்புறுதியில் இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி, வைத்திருப்பீர்களே, அதை மறக்காமல் இந்தக் காருக்கு மாற்றுங்கள்.

செந்தூல்_அப்பா

அதில்தான் ஒரு சிக்கல். மைவியை விற்க அம்மா விடமாட்டேன் என்கிறார். அப்பா இருந்தபோது வாங்கியது. மனைவி பள்ளிக்கூடத்துக்கு ஓட்டட்டுமே என்கிறார்.

கணக்குப்புள்ள

ஒரே என்சிடி இரண்டு காருக்கும் கிடைக்காது. இரண்டில் ஒன்று சுழியத்திலிருந்துதான் தொடங்கும். கணக்கை மறுபடி போடுங்கள், இந்தமுறை அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.