பத்து பாக்டீரியா, நூற்றுச் சொச்சம் எண்கள்: இந்த மாடலை நம்பி மருந்துக் கலவையைத் தேர்வு செய்யலாமா?

அரைகுறைமாடல்:

கணிதம் படித்துவிட்டு உயிரியல் ஆய்வகத்தில் வந்து மாட்டிக்கொண்டவன் நான். சி.டிஃப் எனப்படும் க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவின் தொற்று, ஆன்டிபயாடிக் கொடுத்து அடக்கினாலும் சிலருக்குத் திரும்பத் திரும்ப வருகிறது இல்லையா, அதைத் தடுக்கக் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களில் நாலைந்தைச் சேர்த்து மாத்திரையாகக் கொடுப்பது எங்கள் திட்டம். எந்த நாலைந்து என்று சொல்வது என் பொறுப்பு.

பத்து இனங்களுக்கு லோட்கா-வோல்ட்டெரா சமன்பாடுகளை (ஒரு இனம் இன்னொன்றின் வளர்ச்சியை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று எழுதும் கணக்கு) எழுதி, 5 எலிகளில் தலா 9 நாட்கள் எடுத்த டிஎன்ஏ வரிசைத் தரவோடு பொருத்தினேன். கோடு புள்ளிகள் மேல் அச்சடித்த மாதிரி உட்காருகிறது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் தொடக்க மதிப்புகளை மாற்றி இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன், அதே அழகோடு வேறு விடை வருகிறது. முதல் விடையில் பாக்டீராய்டிஸ் என்ற குடல் பாக்டீரியா சி.டிஃபை அமுக்குகிறது, இரண்டாவதில் வளர்த்துவிடுகிறது! ஆறாவது எலிக்குக் கணித்துப் பார்த்தால் இரண்டுமே படுத்துவிட்டன. அடுத்த மாதம் கலவையை முடிவு செய்தாக வேண்டும். மாடலைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கணக்குப்புலி:

தூக்கிப் போடுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். பத்து இனம் என்றால் வளர்ச்சி வேகம் 10, ஒன்றின் மேல் ஒன்றின் தாக்கம் 100 (தன் மேல் தனக்குள்ள தாக்கத்தையும் சேர்த்து), ஆன்டிபயாடிக் எதை எவ்வளவு கொல்கிறது என்பதற்கு இன்னொரு 10. மொத்தம் 120 எண்கள். உங்களிடம் 450 புள்ளிகள் இருப்பதாகத் தோன்றும், ஆனால் ஒரே எலியின் நேற்றைய அளவும் இன்றைய அளவும் கிட்டத்தட்ட ஒன்றையேதான் சொல்லும், அதனால் உண்மையில் கையில் இருக்கும் தகவல் ரொம்பக் குறைவு. கோடு அழகாக உட்காராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அதைவிட மோசமான சந்தேகம் ஒன்று. வரிசைத் தரவு என்கிறீர்களே, அது மொத்தத்தில் எந்த இனம் எத்தனை பங்கு என்ற விகிதம்தானே? அ 100, ஆ 100 இருக்கிறது என்று வையுங்கள். மருந்து கொடுத்ததும் ஆ 50 ஆகிறது, அ அசையவே இல்லை. விகிதத்தில் பார்த்தால் அ 50 சதவீதத்திலிருந்து 67க்கு ஏறிவிட்டது! உடனே உங்கள் மாடல் "ஆ இத்தனை நாள் அ-வை அமுக்கி வைத்திருந்தது" என்று கதை கட்டும். லோட்கா-வோல்ட்டெராவுக்கு வேண்டியது உண்மையான எண்ணிக்கை. அதே மாதிரிகளில் மொத்த பாக்டீரியா அளவை க்யூபிசிஆரில் (டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை) எடுத்துப் பெருக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

பித்தநீர்:

புலி சொன்னதெல்லாம் சரி. ஆனால் எண்ணிக்கை கிடைத்தாலும் நான் இந்த மாடலை முழுக்க நம்பமாட்டேன். பாக்டீரியா இரண்டு நேருக்கு நேர் அடித்துக்கொள்வதாகச் சமன்பாடு நினைக்கிறது, சி.டிஃப் விஷயத்தில் பெரும் பங்கு நடுவில் இருக்கும் பித்த அமிலத்துக்கு. ஈரல் சுரக்கும் டாரோகோலேட் என்ற பித்த அமிலம் சி.டிஃப் வித்துகளை (உறங்கிக் கிடக்கும் பாக்டீரியா) முளைக்க வைக்கும். க்ளோஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் மாதிரி சில இனங்கள் பித்த அமிலங்களை மாற்றி, சி.டிஃபின் வளர்ச்சியைத் தடுக்கும் டிஆக்ஸிகோலிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குகின்றன. பித்தம் இல்லாத ஆய்வகத் தட்டில் இரண்டையும் சேர்த்து வளர்த்தால் இந்த வழியே தெரியாது. நீங்கள் ஒரு எண்ணாக எழுதும் "தாக்கம்" அந்தக் குடலில் அன்று எவ்வளவு பித்தம் இருந்தது என்பதைப் பொறுத்து மாறும்.

இன்னொன்று, எலியின் பித்தமும் மனிதப் பித்தமும் ஒன்றல்ல. எலியிடம் மியூரிகோலிக் அமிலங்கள் நிறைய, மனிதனில் அவை முக்கியமே இல்லை. எலியில் கண்டுபிடித்த எண்ணை மனிதனுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

மூன்றாம்கட்டம்:

மருந்து உருவாக்கும் பக்கத்திலிருந்து பேசுகிறேன். மாடலை இவ்வளவு திட்டுகிறோமே, சோதனையே தப்பாகப் போகும் விதங்களைப் பாருங்கள். செரெஸ் நிறுவனத்தின் எஸ்இஆர்-109, இதே சி.டிஃபுக்கான வித்து மாத்திரை, 2016இல் நோயாளிகளிடம் செய்த சோதனையின் இரண்டாம் கட்டத்தில் தோற்றது. பாக்டீரியா வேலை செய்யவில்லை என்று மூட்டை கட்டியிருப்பார்கள். தோண்டிப் பார்த்ததில் அளவு போதவில்லை என்ற சந்தேகம் எழுந்தது, கூடவே நோயைக் கண்டறிந்த முறையிலும் கோளாறு: பிசிஆர் சோதனை கிருமியின் மரபணு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், சும்மா குடலில் தங்கியிருப்பவரையும் நோயாளி என்று சேர்த்துவிடும். மூன்றாம் கட்டத்தில் நச்சுப் புரதத்தைத் தேடும் சோதனையை வைத்து ஆட்களை எடுத்தார்கள், அளவைப் பத்து மடங்காக்கினார்கள். எட்டு வாரத்தில் தொற்று திரும்பியது மருந்து எடுத்தவர்களில் 12 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 40. 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எது எதை அமுக்குகிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, எவ்வளவு கொடுத்தால் அது குடலில் குடியேறும் என்பதும் தெரிய வேண்டும். உங்கள் மாடலில் அந்தக் கேள்வியே இல்லை போலிருக்கிறதே?

அரைகுறைமாடல்:

இல்லை... கலவை உள்ளே போனதும் குடியேறிவிடும் என்றே வைத்துக்கொண்டேன். அது அசட்டுத்தனம்தான். அப்படியானால் இந்த வகைச் சமன்பாடு மருந்துக்கு உதவிய இடமே கிடையாதா?

கணக்குப்புலி:

இருக்கிறது. 2017இல் ஃப்ளோரிடாவின் மாஃபிட் புற்றுநோய் மையத்தார் வெளியிட்டது. ப்ராஸ்டேட் கட்டியில் மூன்று வகைச் செல்கள் ஒன்றோடொன்று போட்டியிடுவதாக லோட்கா-வோல்ட்டெரா எழுதினார்கள். அபிராடெரோன் மருந்தை நிறுத்தாமல் கொடுத்தால் மருந்துக்குப் பணியும் செல்கள் செத்து, பணியாதவற்றுக்கு மைதானம் காலியாகிவிடும். அதனால் பிஎஸ்ஏ (கட்டியின் அளவைக் காட்டும் ரத்தப் புரதம்) பாதியாகக் குறைந்ததும் மருந்தை நிறுத்து, பழைய அளவுக்கு ஏறியதும் மறுபடி கொடு. 11 நோயாளிகள், வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவான மருந்து, நோய் முற்றுவதும் தள்ளிப்போனது.

கவனிக்க வேண்டியது, அவர்கள் போட்டி எண்களை ஒவ்வொன்றாக அளக்கவில்லை. எது எதைவிடப் பெரியது என்ற வரிசையை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள்.

மூன்றாம்கட்டம்:

11 பேர், குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீட்டுக் குழு கிடையாது. அதையும் சொல்லுங்கள், புலி.

கணக்குப்புலி:

சொல்லியாச்சு, நீங்களே. மறுப்பில்லை.

அரைகுறைமாடல்:

இரண்டு நாள் கழித்து வருகிறேன். மொத்த அளவைச் சேர்த்து, வெவ்வேறு தொடக்கங்களில் 500 முறை ஓட்டி, எந்தத் தாக்கத்தின் குறி (அமுக்குகிறதா, வளர்க்கிறதா) மாறவே இல்லை என்று மட்டும் எண்ணினேன். நூற்றில் 17 நின்றன. அதில் சி.டிஃபைத் தொடுவது மூன்று, பாக்டீராய்டிஸ் அந்த மூன்றில் இல்லை. அந்த மூன்று இனங்களை மட்டும் பித்த அமிலம் சேர்த்தும் சேர்க்காமலும் தட்டில் வளர்க்கச் சொல்லியிருக்கிறேன். கலவை முடிவைத் தள்ளி வைக்கச் சொன்னதற்கு மேலாளர் இன்னும் பதில் போடவில்லை.