இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் இருக்கும் பிளிக்ளிங் மாளிகையில் உங்களுக்கும் ஏதாவது நடந்ததா?

நார்ஃபோக்வாசி:
மன்னன் எட்டாம் ஹென்றி தலையை வெட்டவைத்த ராணி ஆன் போலின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆண்டுதோறும் அவள் இறந்த நாளான மே 19 இரவு, தலையில்லாத குதிரைகள் இழுக்கும் வண்டி, மடியில் அவள் தலை. அதை விட்டுவிடுகிறேன்.

நானும் அம்மாவும் அன்று அந்தி மங்கும்போது மாளிகை முன்னால் நின்றோம். இரண்டு பக்கமும் அந்தப் பெரிய யூ மர வேலிகள், இருட்டினால் மதில் மாதிரி இருக்கும். பின்னால் சரளைக்கல்லில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஏதோ வண்டி என்று அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். திரும்பினால் வெறும் பாதை.

சத்தம்கூட பரவாயில்லை. எதற்கு இழுக்கிறாய் என்று அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அவருக்கு இந்தக் கதை எதுவுமே தெரியாது.

பழையசுவடு:
சத்தம் கேட்டதை நம்புகிறேன். அது ஆன் போலின் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளைக் கொன்றது 1536-இல். இன்று நிற்கும் செங்கல் மாளிகையோ, சர் ஹென்றி ஹோபார்ட் 1616-இல் அந்த இடத்தை வாங்கியபின் ராபர்ட் லிமிங்கை வைத்துக் கட்டியது. போலின் குடும்பத்தின் பழைய வீடு போய்விட்டது. அவள் பார்த்தே இராத வாசலுக்கு எதற்கு வருகிறாள்?

அவள் அப்பாவும் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாலம் பாலமாக அலைகிறார் என்பார்கள். தாமஸ் போலின் தலையை யாரும் வெட்டவில்லை, 1539-இல் தானாகத்தான் இறந்தார். தலை வெட்டப்பட்ட மகளுக்கும் மகனுக்கும் நடந்ததை ஊர் அவர் தலையிலும் ஏற்றிவிட்டது.

என் அனுபவம் சின்னது. பெரிய கூடத்தில் அவளுடைய புடைப்புச் சிற்பம் இருக்கிறது, 'இங்கே பிறந்தவள், 1507' என்று லத்தீனில் எழுதி. (அந்த ஆண்டே சர்ச்சைதான், 1501 என்பவர்களும் உண்டு.) அதைப் பார்த்துக்கொண்டே என் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத பெண்மணியின் கையும் அவர் கழுத்தில்தான் இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தோம்.

கடலோரம்:
பழையசுவடு, வீடு மாறியது அவளுக்கும் தெரியும் என்றுதான் கதையே சொல்கிறது. ஏரிக்கரையில் சாம்பல் உடுப்பில் நின்றவளிடம் மாளிகைப் பணியாளர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்க, நான் தேடுவது எப்போதோ போய்விட்டது என்றாளாம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எனக்கு நடந்தது காஸ்டன் ஹீத் என்ற புதர்வெளியில். 1698-இல் இன்னொரு சர் ஹென்றி ஹோபார்ட், ஆலிவர் லெ நீவுடன் வாள்சண்டை போட்ட இடம். அடிபட்டு பிளிக்ளிங் வந்து மறுநாள் இறந்தார். அந்த நினைவுக்கல்லில் கை வைத்ததும் விலாவுக்குக் கீழே சுரீர் என்று பிடித்தது. கார் வரை குனிந்தபடியே நடந்தேன், உட்கார்ந்ததும் வலி போய்விட்டது. அவருக்குக் காயம் வயிற்றில் என்று வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

இரவுக்காவல்:
எனக்கு நேர்ந்தது யாரும் இல்லாத மாடிப்படியில் புகையிலை வாசனை, அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஓல்டன் தளத்து விமானப்படையினர் அங்கே தங்கியிருந்தார்கள். 1940-இல் வீட்டுச் சொந்தக்காரர் லோதியன் பிரபு இறந்து, வீடு பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குப் போன சமயம்.

நார்ஃபோக்வாசி, கேட்காமலே சொல்கிறேன். இந்த இழையை அம்மாவுக்குக் காட்டாதீர்கள். முதலில் நீங்கள் கேட்டதை எழுதி வையுங்கள்: எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எவ்வளவு நேரம், காற்று எப்படி. மாளிகை முன்னாலேயே சாலை போகிறது, அதில் போகும் சைக்கிள் சத்தம் வேலிகளுக்கு நடுவே எப்படிக் கேட்கும் என்று இன்னொரு மாலை போய் நின்று பாருங்கள். அப்புறம் அம்மாவிடம் கேளுங்கள். வண்டி, சக்கரம் என்று நீங்கள் வாயெடுக்கக் கூடாது. அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் ஒரு சொல் கொடுத்தால் அவர் நினைவு அதையே பிடித்துக்கொள்ளும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. இந்த மாளிகையின் பாதிக் கதைகள் அப்படி வளர்ந்தவைதான் என்று நினைக்கிறேன்.

நார்ஃபோக்வாசி:
நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். அம்மா சொன்னது இது: "நீ எங்கே இழுத்தே? நீ பாட்டுக்கு நடுவிலே நின்னுட்டிருந்தே. நான்தானே உன் கையைப் பிடிச்சு இழுத்தேன்."