வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழையலாமா?

நாதாங்கி: போன வாரம் இரவு பதினொன்றரைக்கு மூன்று போலீஸ்காரர்கள் கதவைத் தட்டினார்கள். ஒருவர்தான் யூனிஃபார்மில் இருந்தார். ஓர் அடிதடி வழக்கில் என் மச்சானைத் தேடுகிறார்களாம். வாரண்ட் கேட்டேன், சிரித்தார்கள். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார்கள், மேசை டிராயரைக்கூட இழுத்துப் பார்த்தார்கள். அவன் இந்தப் பக்கம் வந்தே இரண்டு மாதம் ஆகிறது. இதற்கு அதிகாரம் உண்டா?

பழைய குமாஸ்தா: உண்டு சார். பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, 2024 ஜூலைக்கு முன் பழைய சட்டமான சி.ஆர்.பி.சி.யில் 47 என்று இருந்தது. வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றமென்றால், ஆள் உள்ளே இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் போதும், நாம் வழிவிட வேண்டும். யார், எதற்கு வந்தோம் என்று சொல்லிக் கேட்டும் திறக்காவிட்டால் கதவை உடைக்கலாம். ஆனால் அது ஆளைத் தேடத்தான். மச்சான் டிராயருக்குள்ளா ஒளிந்திருப்பார்? அந்த இடத்தில் நீங்கள் கேட்டிருக்கலாம்.

மல்லிகா: கைது செய்பவர் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும், 36-ஆவது பிரிவு. கைது விவரம் எழுதும் அரெஸ்ட் மெமோவில் வீட்டாரோ அக்கம்பக்கத்துப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாத தாளில் மட்டும் போட்டுவிடாதீர்கள், என் அண்ணன் போட்டுவிட்டு அலைந்தான்.

நாதாங்கி: பெயர்ப் பட்டையைப் பார்க்கத் தோன்றவில்லை அக்கா, கை நடுங்கியது. அப்புறம், இதே தேடல் ஒரு பெண்ணுக்காக என்றால்?

பழைய குமாஸ்தா: சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்கிக்கொண்டு வர வேண்டும்.